ஹால் சுவரில் மாட்ட ஒரு படம்

தலித் ஓவியம் என்றால் அதில் ஒரு துடைப்பமாவது இருக்க வேண்டும், ஒரு பறையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் வெந்து கிடக்கும் ஒரு குடிசையாவது இருக்க வேண்டும் என்று நம் தோழர்களே எதிர்பார்க்கிறார்கள். இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. நாம்தான் கேட்டோம். உங்கள் ஓவியத்தில் எங்கள் உடம்பு இல்லையே, எங்கள் சேரி இல்லையே, எங்கள் வேலை இல்லையே என்று கேட்டோம். எச்சில் கலயத்தையும் துடைப்பத்தையும் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதர்களை சவி சவர்க்கர் வரைந்தபோது, பாடப்புத்தகம் மறைத்த வரலாறு சுவருக்கு வந்துவிட்டது என்று கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. மாதவரத்தில் இருக்கும் என் தங்கச்சி மகன் பகலில் ஒரு கண்டெய்னர் யார்டில் பில் போடுகிறான். ராத்திரியில் பழைய கம்ப்யூட்டரில் படம் போடுகிறான். ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. வெறும் வண்ணம். பட்டை பட்டையாக, வட்டமாக, வழிந்தோடுவதாக. அதை பிரிண்ட் போட்டு கொளத்தூர், பெரம்பூர் பக்கம் புதுசாக ஃப்ளாட் வாங்கியவர்களுக்கு விற்கிறான். ஹால் சோபாவுக்கு மேலே மாட்டுகிற படம். எங்கள் கூட்டம் ஒன்றில் இருபது படங்களைத் திரையில் போட்டுக் காட்டினான். பார்த்து முடித்ததும் ஒரு தோழர் கேட்டார்: "எல்லாம் சரிதான் தம்பி, இதுல நாம எங்க இருக்கோம்?" பையன் பதில் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "மாமா, அழுவுற படத்த எவன் மாமா காசு குடுத்து வூட்ல மாட்டுவான்?" என்றான்.

இரண்டு பேருமே ஏதோ ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள், இரண்டு பேருமே ஏதோ ஒன்றை விட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவரைப் பேச வேண்டும். ஹால் சுவர் என்பது வெறும் சுவர் இல்லை, அது வீட்டுக்காரரின் சாதிச் சான்றிதழ். மேட்டுக்குடி வீட்டில் எந்தச் சாமி எந்த மடத்துப் பெரியவரோடு மாட்டியிருக்கிறது என்று பார்த்தே உட்பிரிவு வரைக்கும் சொல்லிவிடலாம். நம் சுவரும் பேசும். 1990-ல் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பாபாசாகேப் படம் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டு நூற்றாண்டு விழா, அப்போதிலிருந்து நம் சனத்தின் வீட்டில் அவர் படம் இல்லாத சுவரைக் காண்பது அரிதாயிற்று. நீலக் கோட்டும் கண்ணாடியும். சொந்த வீட்டில், குடிசை மாற்று வாரிய வீட்டில், அது பெருமையோடு ஹாலில் இருக்கும். வாடகை வீட்டில்?

வாடகை வீட்டுக்குப் போன நம்மாட்களைக் கேட்டுப் பாருங்கள். சென்னையில் வீட்டுக்காரர் நேரடியாகச் சாதி கேட்க மாட்டார். "நீங்க வெஜ்ஜா?" என்பார். "சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு?" என்பார். அதையும் தாண்டி வந்துவிட்டால், மோட்டார் ரிப்பேர் பார்க்கிற சாக்கில் உள்ளே வந்து சுவரைப் பார்ப்பார். மாதவரத்தில் நான் இருந்த ஒரு வீட்டில் பார்த்த மறு மாதமே "பையனுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுது" என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். இந்த அனுபவம் எனக்கு மட்டுமானதல்ல என்பது படிப்பவர்களுக்குத் தெரியும். இதற்காகவே ஹாலில் இருந்த அம்பேத்கர் பெட்ரூமுக்குப் போன வீடுகள் உண்டு. பீரோவின் கதவுக்கு உள்பக்கம் போன வீடுகளும் உண்டு.

அப்போது ஹாலில் எதை மாட்டுவது? காலியாக விட்டாலும் கேள்வி வரும். சாமி படம் மாட்ட மனசு வராது. இந்த இடத்தில்தான் தங்கச்சி மகனின் படம் வருகிறது. வாங்குகிறவர்களில் நம்மாட்களும் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நர்ஸ், ஒரு வங்கி ஊழியர், புதுசாக ஐ.டி. வேலைக்குப் போன ஒரு தம்பதி. ஏன் வாங்குகிறார்கள்? நீலமும் மஞ்சளும் கலந்து ஓடுகிற ஒரு படத்தைப் பார்த்து எந்த வீட்டுக்காரனும் எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க முடியாது. அரூப ஓவியம் யார் என்று சொல்லாத படம். நம் கூட்டத்தில் "நாம எங்க இருக்கோம்" என்று தோழர் கேட்டாரே, அதற்கு ஒரு பதில், நாம் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறோம் என்பது. இது சந்தோஷமான பதில் இல்லை. ஆனால் ஓவியத்தைத் திட்டிப் பிரயோசனமில்லை. திட்ட வேண்டியது வீட்டுக்காரரை.

அதற்காக அரூபம் என்பது சாதியற்ற வெளி, அங்கே போனால் எல்லோரும் சமம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரஷ்ய ஓவியர் மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' அரூப ஓவியத்தின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி பேசப்படுகிறது. 1915-ல் பெட்ரோகிராடில் அதைக் காட்சிக்கு வைத்தபோது எங்கே மாட்டினார் தெரியுமா? அறையின் மேல் மூலையில், ரஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கிற மூலையில். ஆக, பிறந்த அன்றைக்கே இந்தக் கலை வீட்டுச் சுவரோடும் பூஜை மூலையோடும் வழக்காடித்தான் பிறந்தது. அது கலகம். ஆனால் 2015-ல் மாஸ்கோவின் த்ரெத்தியாகோவ் காட்சியக ஆய்வாளர்கள் அந்தச் சதுரத்தின் வெள்ளை ஓரத்தில் பென்சில் எழுத்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இருட்டுக் குகையில் கறுப்பர்கள் சண்டை போடுகிறார்கள் என்று அர்த்தம் வருகிற ஒரு கிண்டல். பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதற்கு முன்பே அடித்த ஜோக். எழுதியது மாலேவிச்சா வேறு கையா என்பதில் தகராறு இருக்கிறது. யார் எழுதியிருந்தால் என்ன, உருவமே இல்லை என்று சொன்ன படத்தின் ஓரத்தில் தோல் நிறத்தைக் கேலி செய்யும் ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது.

நம்மூருக்கு வருவோம். கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை சென்னை ஓவிய இயக்கத்தின் பெரிய சாதனை. நானும் அவற்றின் முன் நேரம் போவது தெரியாமல் நின்றிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டங்களும் எழுத்துகளும் எங்கிருந்து வந்தன? ஜாதகக் கட்டத்திலிருந்து, ஏட்டுச் சுவடியிலிருந்து. அதன் பின்னால் தாந்திரிகம், யந்திரம், பிந்து என்று இந்திய அரூபம் தனக்கு ஒரு குலம் கோத்திரம் தேடிக்கொண்டது. ரஸாவின் கறுப்பு வட்டத்துக்கு 'பிந்து' என்று பேர். நல்ல வட்டம்தான். ஆனால் பறையின் தோலும் வட்டம்தானே, நெருப்பில் காய்ச்சிய வட்டம், அது ஏன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை? சுவடியும் ஜாதகமும் யார் வீட்டுப் பரணில் இருந்தனவோ அவர்களின் ஞாபகம்தான் 'இந்திய' வடிவமாக ஆனது. பணிக்கரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உருவத்தை எடுத்துவிட்டாலும் ஞாபகம் நிற்கும், ஞாபகத்துக்குச் சாதி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே பணிக்கரும் தோழர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது எப்படிச் சோறு தின்றார்கள்? பாட்டிக் துணி போட்டு, கைவினைப் பொருள் செய்து, அதை விற்று. யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் போன அழகுதான் 'தூய' ஓவியத்துக்குக் கஞ்சி ஊற்றியது. ஆகவே 'இது கலை இல்லை, வீட்டு அலங்காரம்' என்று என் தங்கச்சி மகனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நமக்கு முன்னால் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். அவர்களின் கவிதையையும் தன்வரலாற்றையும் நாம் தமிழில் நிறையப் பேசியிருக்கிறோம், ஓவியத்தைப் பேசியது குறைவு. அறுபதுகளில், தெருவில் நாயை ஏவி அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆல்மா தாமஸ் என்ற பெண் வாஷிங்டனில் சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளை வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு முழுநேரம் வரைந்தவர். வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்த மரத்தின் இலைகளும் அவற்றுக்கிடையில் வந்த வெளிச்சமும்தான் அவருக்குப் பாடம். அந்தத் தலைமுறையின் கறுப்பு அரூப ஓவியர்களைப் பார்த்து, 'போராட்டம் எங்கே, கறுப்பு முகம் எங்கே' என்று அவர்கள் சனமே கேட்டது. வெள்ளைக் கலைக்கூடமோ கறுப்பர் என்பதால் கதவைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் இடி. 1972-ல் தன் எண்பதாவது வயதில் தாமஸ் நியூயார்க்கின் விட்னி காட்சியகத்தில் தனிக்கண்காட்சி வைத்தார். அங்கே அப்படி வைத்த முதல் கறுப்புப் பெண் அவர். 2015-ல் ஒபாமா குடும்பம் இருந்தபோது வெள்ளை மாளிகையின் பழைய குடும்பச் சாப்பாட்டு அறையில் அவருடைய வட்டமான வண்ணப் படம் ஒன்று மாட்டப்பட்டது. பாருங்கள், அதுவும் வீட்டுச் சுவர்தான்.

அந்தப் படத்தில் கறுப்பர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் நான் ஜன்னலைக் காட்டுவேன். எந்த ஜன்னலில் நின்று பார்த்தாள் என்பது வண்ணத்தில் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துத்தான் தங்கச்சி மகன் படங்களையும் பார்க்கிறேன்.

இருபதில் பாதியை நான் தள்ளிவிடுவேன். மண்டலா, சக்கரம், 'ஜென்' என்று பேர் வைத்த வட்டங்கள், தங்கத் தூள் தூவின மாதிரி மினுக்கிற மார்பிள் கோடுகள். இவை எவன் ஜன்னலிலிருந்தும் பார்த்தவை அல்ல. ஃப்ளாட் விளம்பரத்தில் காட்டுகிற ஹாலைப் பார்த்துப் போட்டவை. அவனிடமே சொன்னேன். "கஸ்டமர் சோபா கலர் சொல்லுவாங்க மாமா, அதுக்கு மேட்ச்சா கேப்பாங்க" என்றான். கேட்கட்டும். அதைக் கம்ப்யூட்டரே போட்டுத் தருகிற காலம் வந்துவிட்டது. 2022-க்குப் பிறகு நாலு வார்த்தை தட்டினால் நாற்பது மண்டலா கொட்டுகிறது. அந்தப் போட்டியில் ஒரு கண்டெய்னர் யார்டு குமாஸ்தா எத்தனை நாள் தாக்குப் பிடிப்பான்? 1965-ல் ஸ்டுட்கார்ட்டில் ஜார்ஜ் நீஸ் கம்ப்யூட்டரைக் கொண்டு போட்ட கோட்டுப் படங்களை முதன்முதலாக வைத்தபோதே அங்கிருந்த ஓவியர்கள் கொதித்துப் போனார்களாம். பயம் பழையது. யந்திரத்துக்குத் தெரியாத ஜன்னல் ஒன்று நம்மிடம் இருந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

மீதிப் பாதியில் அந்த ஜன்னல் இருக்கிறது. மாதவரம் உள்வட்டச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து, ஆறு என்று கண்டெய்னர் அடுக்கியிருக்கும். துருச் சிவப்பு, கடல் பச்சை, வெளிறிய ஆரஞ்சு, அழுக்கு வெள்ளை. தினமும் அதை எண்ணிப் பில் போடுகிறவன் அவன். அந்தச் செவ்வகங்களை மட்டும் எடுத்து, எழுத்தையும் நம்பரையும் உதிர்த்துவிட்டு, வெயில் பட்ட பக்கம் ஒரு சாயல், படாத பக்கம் ஒரு சாயல் என்று ஏழு படம் போட்டிருக்கிறான். ஓரங்களில் நெளிவு இருக்கிறது, கிரேன் பிடித்த காயம். ஐரோப்பியக் கட்ட ஓவியங்களை அவன் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஓரத்தை நேராக்கியிருப்பான், படம் செத்திருக்கும்.

இந்த ஏழில்தான் நீலத் தகராறு வந்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் பழைய சுவர் எழுத்துக்காரன். வஜ்ரம் காய்ச்சிப் பொடிக் கலரைக் கலந்து எழுதிய கை. (ரிசர்வேஷன் என்றாலே மூஞ்சி சுளிக்கிறவனும் தேர்தல் வந்தால் சுவரில் 'ரிசர்வ்டு' என்று எங்களைத்தான் எழுதச் சொல்லுவான்.) 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, எங்கள் பிரஷ் போச்சு. எங்களோடு எழுதிய பலர் லோடு ஏற்றப் போனார்கள், சிலர் அதே ஃப்ளெக்ஸ் கடையில் ஐலெட் அடிக்கப் போனார்கள். 2019-ல் பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து வண்டியில் போன இளம்பெண் உயிர் போனபோதுதான் ஊருக்கே ஃப்ளெக்ஸ் மேல் கோபம் வந்தது. எங்களுக்கு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் நீலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தக் கடைகளில் நின்று தெரிந்ததுதான்.

கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்தால் வண்ணம் காட்டுகிறது, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி. பிரிண்டர் மையால் காட்டுகிறது, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நாலையும் வைத்து. திரையில் பற்றி எரிகிற நீலம் ஒன்று உண்டு, அது மையின் எல்லைக்குள் வராது. பிரிண்ட் எடுத்தால் ஊதாவாகச் சோர்ந்து விழும். நம் கூட்டங்களுக்கு அடித்த எத்தனை பேனரில் பாபாசாகேபின் நீலம் கத்தரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் "நீலம் வராதுண்ணா" என்பார். வரும். சயானும் மெஜந்தாவும் சமமாகப் போனால் ஊதா. சயான் முழுசாக இருக்கட்டும், மெஜந்தாவை எழுபதுக்குக் கீழே இறக்கு, கறுப்பைத் தொடாதே. திரையில் பார்த்த நீலம் கிடைக்காது, ஆனால் நீலம் என்று மதிக்கத்தக்க ஒன்று கிடைக்கும். தங்கச்சி மகன் துண்டுத் துண்டாக மாதிரி பிரிண்ட் எடுத்து, வெயிலில் வைத்துப் பார்த்து, பதினோராவது துண்டில் அதைப் பிடித்தான். ரெண்டுக்கு மூணு அடி படத்துக்கு 3600-க்கு 5400 புள்ளி வைத்தான், கிட்டப் போய்ப் பார்த்தாலும் உடையவில்லை. கண்டெய்னர் அடுக்கில் அந்த ஒரு நீலப் பெட்டி இருக்கும் இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சோபா மேல் மாட்டியிருக்கும் நர்ஸுக்கு அது என்ன நீலம் என்று தெரியும். அவர் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இங்கே பெண்கள் கையைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. கம்ப்யூட்டர், அரூபம், வீடு என்று மூன்றையும் சேர்த்துப் பேசினால் தமிழ்நாட்டில் தொடக்கம் கோலம்தான். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கணிப்பொறி வரைகலை ஆய்விதழில் கட்டுரை போட்டார்கள். புள்ளி எத்தனை, வளைவு எந்த விதியில் திரும்புகிறது என்று. பெரிய வேலை அது. ஆனால் எந்தக் கை எந்த வாசலில் போடுகிறது என்பதற்கு இலக்கணத்தில் இடம் கிடையாது. என் தங்கச்சி வேலை செய்யும் நாலு வீட்டிலும் காலையில் அவள்தான் கோலம் போடுகிறாள். வாசல் வரைக்கும் அவள் கை அழகு. பூஜை அறைக்குள் அந்தக் கை போகக்கூடாது. ஹாலில் மாட்டியிருக்கும் பெரிய பெரிய மாடர்ன் ஆர்ட் படங்களைத் துடைப்பதும் அவள்தான். "நான் தொடைக்கிற வூட்ல இருக்கிற மாதிரி நம்ம வூட்லயும் ஒன்னு கலரா இருந்தா இன்னாண்ணா தப்பு?" என்று என்னைக் கேட்டாள். தப்பில்லை. இந்த ஆசையை 'மேட்டுக்குடியைப் பார்த்துச் செய்தல்' என்று கோட்பாடு பேசி ஒதுக்குகிறவர் அவள் துடைக்கிற ஸ்டூலில் ஒருநாள் ஏறி நின்றுவிட்டு வரட்டும்.

நமக்கு வண்ணம் வேண்டும் என்றால் அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் தரத் தயாராகத்தான் இருக்கின்றன, ஆனால் வெளிச்சுவரில். நகரத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய் நட்ட கண்ணகி நகரில் 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து கட்டிடம் உயரத்துக்குப் படம் வரைந்தன. அழகான படங்கள், அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவை ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கான படங்கள். உள்ளே குடியிருப்பவர் தன் வீட்டின் வெளிச்சுவரைப் பார்க்க எதிர்க் கட்டிடத்துக்குப் போக வேண்டும். உள்சுவரின் கதை வேறு. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் 2021-ல் புதுசாகக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடியில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. ஆணி அடிக்க முடியாத சுவரில் எந்த இயத்தின் படத்தை மாட்டுவது?

கடைசியாக ஒரு படம். அதில்தான் எனக்கும் தங்கச்சி மகனுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. கறுப்புத் தரையில் ஊதா, பச்சை, தங்கம், ரோஜா என்று வளையம் வளையமாக விரிகிற படம். இருபதில் இதுதான் அழகு, இதுதான் அதிகம் விற்றது. 'ஓஷன் ட்ரீம்' என்று பேர் வைத்து விற்றான். அது கனவில் வந்ததல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு இறங்கியது. எண்ணூர்ப் பக்கம் வீடு, வலை, படகு, நண்டு எல்லாம் கறுப்பாயிற்று. 2017-ல் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய மாதிரியே இந்த முறையும் கையால் அள்ளினார்கள். தண்ணீர் மேல் எண்ணெய் ரொம்ப மெல்லிசாகப் படரும் இடத்தில், படலத்தின் கனம் மாற மாற, வெளிச்சம் வேறு வேறு நிறமாகத் திரும்பும். அந்த நிறங்களை அவன் போனில் பிடித்துவந்து, வீட்டில் உட்கார்ந்து வளையமாக்கினான்.

படம் குற்றமில்லை. பேர் குற்றம். 'எண்ணூர், டிசம்பர் 2023' என்று வைக்கச் சொன்னேன். வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும், தெரிந்துதான் சோபாவுக்கு மேல் மாட்டட்டும். இங்கே அழகு ஒளியவில்லை, அழகை வைத்து ஒரு ஊரை ஒளிக்கிறோம். வாடகை வீட்டு நர்ஸ் ஒளிந்துகொள்வது வேறு, அவருக்கு வேறு வழியில்லை. எண்ணூரை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? "பேர் வச்சா விக்காது மாமா. எனக்கு மாசம் ரெண்டு இ.எம்.ஐ. கீது" என்கிறான். இதற்கு என்னிடம் கோட்பாடு இல்லை. இப்போதைக்கு பிரிண்டின் பின்பக்கம், சட்டத்துக்குள், ஊரையும் மாதத்தையும் எழுதி ஒட்டித் தருகிறான். முன்பக்கம் வரட்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தங்கச்சியிடம் இருபதையும் காட்டி ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னான். நீலப் பெட்டி இருக்கும் கண்டெய்னர் படத்தை எடுத்தாள். எல்லோரும் புகழும் எண்ணெய்ப் படத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பெரியம்மா வீட்டைக் கழுவிக்கொடுக்க எண்ணூர் போய் வந்தவள் அவள். "அத்த மாட்டுனா எனக்கு நாத்தம் அடிக்கும்டா" என்றாள். ஹால் சுவரில் இப்போது மழை ஈரம் ஊறியிருக்கிறது. வாட்டர் ப்ரூஃப் அடித்துக் காய்ந்த பிறகு மாட்டலாம் என்று படத்தை பீரோ மேல் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள்.